மலைக்கும் ஏறட்டும் மிதிவண்டி!

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

மிதிவண்டியைப் பற்றி நம்மிடையே இரண்டு எண்ணங்கள் வேரூன்றிக் கிடக்கின்றன. ஒன்று, அது வசதியற்றவர்களின் ஊர்தி என்பது. மற்றொன்று, அது சமவெளிக்கே உரியது, மலைக்கு ஆகாது என்பது. முதல் எண்ணத்தைக் காலம் மெல்ல மெல்லக் கரைத்து வருகிறது. மருத்துவரும் பொறியாளரும் விடியற்காலையில் தலைக்கவசம் அணிந்து மிதிவண்டியில் செல்வதை இன்று சிறு நகரங்களில்கூடக் காண்கிறோம். 2008-ஆம் ஆண்டில் தொடங்கிய 'டூர் ஆஃப் நீலகிரிஸ்' என்னும் மிதிவண்டிப் பயணத்தில், மசினகுடியிலிருந்து உதகை செல்லும் கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் மிதித்தே ஏறுகின்றனர். ஆனால் இரண்டாவது எண்ணம் மட்டும் பாறைபோல் அசையாமல் நிற்கிறது. மலையில் பிறந்து மலையில் வாழ்வோரே அதனை நம்புகின்றனர் என்பதுதான் வருத்தத்திற்குரிய செய்தி.

அந்த எண்ணம் தவறானது என்பதையும், அதனால் யாருக்கு இழப்பு என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொல்லிமலையில் ஒரு நாள்

வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலையை அறியாத தமிழ் மாணவர் இருக்க முடியாது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய அவனைப் பள்ளி நாளிலேயே படித்துவிடுகிறோம். ஆனால் அவன் மலைக்குச் செல்லும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதை, அவற்றில் ஏறிப் பார்த்தவர்களே உணர்வர். ஏற்காட்டுச் சாலைக்கு இருபது, வால்பாறைச் சாலைக்கு நாற்பது, கொல்லிமலைக்கு எழுபது! ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை நிற்கிறது. பேருந்தில் செல்பவருக்கு அது வேடிக்கை. மிதிவண்டியில் செல்பவருக்கோ அது கணக்கு.

சென்ற தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நானும் என் நண்பர்கள் மூவரும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கத் துணிந்தோம். எங்களிடம் இருந்தவை நான்கு வண்டிகள். இரண்டு, கியர் வைத்தவை. ஒன்று நண்பனின் மாமா கொடுத்தது, மற்றொன்று இரவல். ஏனைய இரண்டும் நம் ஊர்க் கடைத்தெருவில் பால்காரரும் தபால்காரரும் ஓட்டும் சாதாரண வண்டிகள். கேரியரில் தண்ணீர்ப் புட்டிகள், எலுமிச்சை சோறு, பஞ்சர் ஒட்டும் பசை, கைப்பம்பு ஆகியவற்றைக் கட்டிக்கொண்டோம். அதிகாலை நான்கரை மணிக்கு நாமக்கல்லை விட்டுப் புறப்பட்டுச் சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி அடிவாரத்தை அடைந்தபோது கிழக்கு வெளுத்திருந்தது.

அதுவரை நால்வரும் ஒன்றாகவே வந்தோம். சமவெளியில் கபடி ஆட்டக்காரனாகிய எங்கள் நண்பனே முன்னால் சென்றான். அவன் ஓட்டியது சாதாரண வண்டி. எங்களுள் ஒல்லியானவன், மூச்சிரைப்பு உடையவன், கடைசியில் வந்தான். அவனுக்குக் கியர் வண்டியை விட்டுக்கொடுத்திருந்தோம். மலை தொடங்கியது, வரிசை தலைகீழாயிற்று. ஐந்தாவது வளைவிற்குள் கபடிக்காரன் எழுந்து நின்று மிதிக்கத் தொடங்கினான். ஒன்பதாவது வளைவில் இறங்கித் தள்ளினான். ஒல்லியானவனோ உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை. கால்கள் வேகமாகச் சுழன்றன, வண்டி மெதுவாக ஏறியது, ஆனால் நிற்கவில்லை.

நான் ஓட்டியதும் சாதாரண வண்டிதான். முப்பத்தைந்தாம் வளைவு வரை, ஏறத்தாழப் பாதித் தொலைவை நடந்தும் பாதியை மிதித்தும் கடந்தேன். அங்கே முன்பே பேசிக்கொண்டபடி, கியர் வண்டியில் வந்த மற்றொரு நண்பனோடு வண்டியை மாற்றிக்கொண்டேன். அதன்பின் எழுபதாவது வளைவு வரை நான் தரையில் கால் ஊன்றவில்லை. அதுவரை மிதித்தே வந்த அவனோ அடுத்த சில வளைவுகளிலேயே தள்ளத் தொடங்கினான். அதே சாலை, அதே வெயில், அதே ஆட்கள். மாறியது பல்சக்கரம் ஒன்றுதான்!

சோளக்காட்டைச் சேர ஒல்லியானவனுக்கு இரண்டேகால் மணி நேரம் ஆயிற்று. கபடிக்காரனுக்கு மூன்றரை மணி நேரம் ஆயிற்று. வலிமையில் குறைந்தவன் வலிமையில் மிகுந்தவனுக்காக ஒரு மணி நேரத்திற்கு மேல் காத்திருந்தான். இதனை நான் வேடிக்கைக்காகக் கூறவில்லை. என் வாதத்திற்கு இதுவே முதற்சான்று.

கணக்கு என்ன சொல்கிறது?

இயற்பியல் மாணவன் என்ற முறையில் இதன் காரணத்தைச் சற்று விளக்க விரும்புகிறேன். நூறு மீட்டர் சென்றால் ஏழு மீட்டர் உயரும் சாலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்க. சாதாரண வண்டியின் முன் பல்சக்கரத்தில் 44 பற்களும் பின் பல்சக்கரத்தில் 18 பற்களும் இருந்தால், பெடலை ஒருமுறை சுற்றும்போது வண்டி ஏறத்தாழ 5.3 மீட்டர் ஓடும். அதாவது ஒவ்வொரு சுற்றுக்கும் 80 கிலோவை 37 சென்டிமீட்டர் உயரத்திற்குத் தூக்க வேண்டும். அதே சுற்றில் நம் பாதம் செல்லும் தொலைவு ஒரு மீட்டருக்குச் சற்றே மிகுதி. கணக்கிட்டால், பெடலை இடைவிடாமல் 28 கிலோ எடைக்குச் சமமான விசையோடு அழுத்தவேண்டும் என்று விடை வருகிறது. இதுவும் சராசரிதான். பெடல் உச்சியிலும் அடியிலும் இருக்கும்போது நம் அழுத்தம் பயன்படுவதில்லை. எனவே நடுவில் இதைவிட மிகுதியாக அழுத்தியாக வேண்டும். பயிற்சி பெற்ற வீரர் ஓரிரு கிலோமீட்டர் தாங்குவார். பள்ளி செல்லும் பெண் எவ்வளவு தொலைவு தாங்குவாள்?

முன்னும் பின்னும் ஒரே அளவு பற்கள் அமையுமாறு கியரை மாற்றினால், ஒரு சுற்றுக்கு வண்டி 2.2 மீட்டர்தான் ஓடும். தேவைப்படும் விசை 28 கிலோவிலிருந்து 11 கிலோவாகக் குறைந்துவிடும். செய்யவேண்டிய மொத்த வேலை குறைவதில்லை. ஆயிரம் மீட்டர் உயரத்திற்கு 80 கிலோவை ஏற்ற எந்த வண்டியானாலும் 784 கிலோஜூல் வேண்டும். நம் உடல் உண்ட உணவின் ஆற்றலில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவாகவே வேலையாக மாற்றுகிறது. ஆதலால் ஏறத்தாழ 800 கிலோகலோரி செலவாகும். கியர் செய்வதெல்லாம் அந்த வேலையைச் சிறு சிறு தவணைகளாகப் பிரித்துக் கொடுப்பதே. பெருங்கடனை ஒரே நாளில் கட்டச் சொன்னால் குடும்பம் முறியும். மாதத் தவணையாக்கினால் கட்டிவிடலாம் அல்லவா? கியரும் அவ்வாறே.

மலைக்குப் பல்சக்கரம் தேவை என்பது நமக்குப் புதிய செய்தியும் அன்று. 1908-இல் உதகை வரை எட்டிய நீலகிரி மலை இரயில் 326 மீட்டர் உயரத்திலிருந்து 2,203 மீட்டர் உயரத்திற்கு ஏறுகிறது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளத்தின் நடுவில் பல் தண்டவாளம் ஒன்று பதித்துத்தான் அதனை ஏற்றுகின்றனர். இரும்பு எஞ்சினுக்கே மலையில் தனி ஏற்பாடு வேண்டியிருக்க, எலும்பும் தசையுமான மாணவனுக்கு வேண்டாமா?

வீரம் என்னும் வீண் பேச்சு

"கியர் வைத்து ஏறுவது ஒரு வீரமா?" என்று எங்கள் கபடி நண்பன் மேலே வந்ததும் கேட்டான். இந்தக் கேள்வியும் பழமையானதே. பிரெஞ்சு நாட்டில் 1903-இல் தொடங்கிய 'தூர் தெ பிரான்ஸ்' மிதிவண்டிப் போட்டியின் தந்தை ஹென்றி தெக்ராஞ்ச் என்பவர். கியர் மாற்றும் கருவி நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கே உரியது என்பது அவருடைய கருத்து. கருவியின் உதவியால் வெல்வதைவிடத் தசையின் வலிமையால் வெல்வதே உயர்ந்தது என்று அவர் வாதிட்டார்.

அந்நாளிலேயே இதை மறுத்தவர் ஒருவர் இருந்தார். 'வெலோசியோ' என்ற புனைபெயரில் எழுதிய பால் தெ விவி அவர். சேந்த் எத்தியேன் நகரில் வாழ்ந்த அவர், பல கியர்கள் உடைய வண்டியே மலைப் பயணத்திற்கு உகந்தது என்று ஓயாமல் எழுதினார். 1902-இல் மலைப்பாதை ஒன்றில் நடந்த சோதனையில், மூன்று கியர் வண்டியை ஓட்டிய மார்த் ஹெஸ் என்னும் பெண், ஒற்றைக் கியர் வண்டியில் வந்த எதுவார் ஃபிஷர் என்னும் பெயர்பெற்ற வீரரை வென்றார் என மிதிவண்டி வரலாறு எழுதியோர் குறிப்பிடுகின்றனர். எங்கள் ஒல்லி நண்பனும் கபடி நண்பனும் கொல்லிமலையில் நடத்திக்காட்டியது அந்த நூற்றாண்டுப் பழைய சோதனையின் மறுபதிப்பேயாகும்!

ஆயினும் பிடிவாதம் எளிதில் விடவில்லை. 1910 ஜூலை 21 அன்று பைரனீசு மலைத்தொடரின் பெருங்கணவாய்களைப் போட்டியில் சேர்த்தனர். லூஷோனிலிருந்து பயோன் வரை 326 கிலோமீட்டர். இடையே 2,115 மீட்டர் உயரமுள்ள தூர்மலே, 1,709 மீட்டர் உயரமுள்ள ஓபிஸ்க் முதலிய கணவாய்கள். பின்சக்கரத்தின் இருபுறமும் வெவ்வேறு பல்சக்கரம் வைத்திருப்பார்கள்; ஏற்றம் வந்தால் இறங்கிச் சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் பூட்டவேண்டும். அவ்வளவுதான் அவர்களுக்கு இருந்த வசதி. அன்று வென்ற ஒக்தாவ் லாபீஸ், பதினான்கு மணி நேரத்திற்கு மேல் பாடுபட்டார். தூர்மலே ஏற்றத்தில் ஒரு பகுதியை அவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தே கடந்தார். வழியில் கண்ட போட்டி அமைப்பாளர்களை நோக்கிக் கொலைகாரர்கள் என்று அவர் கூவியது இன்றும் பேசப்படுகிறது. அந்த ஆண்டின் முழுப் போட்டியையும் அவரே வென்றார்.

இதிலிருந்து நான் கொள்ளும் கருத்துகள் இரண்டு. ஒன்று, உலகப் பெருவீரனே மலையில் இறங்கித் தள்ளியிருக்கும்போது, தள்ளுவது இழிவன்று. மற்றொன்று, தள்ளாமல் ஏற வழியிருந்தும் அதனைத் தடுப்பது வீரமும் அன்று. கடைசியில் 1937-இல் அப்போட்டியிலேயே கியர் மாற்றும் கருவிக்கு இசைவு அளிக்கப்பட்டது. அதன்பின் வீரம் குறைந்துவிட்டதா? இல்லை. வேகமும் மிகுந்தது, காண்போர் வியப்பும் மிகுந்தது.

ஆயா கேட்ட கேள்வி

மீண்டும் கொல்லிமலைக்கு வருவோம். செம்மேட்டுக்கு அப்பால் ஒரு சிற்றூரின் தேநீர்க் கடை முன் வண்டிகளைச் சாய்த்து வைத்தோம். மிளகு உலர்த்திக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் எங்களைக் கண்டு, "ஏங் கண்ணு, பஸ்ஸுக்குக் காசு இல்லியா?" என்று பரிவோடு கேட்டார். "காசு இருக்குங்க ஆயா, ஏறிப் பாக்கணும்னு ஆசை" என்றேன். அவர் நம்பவில்லை. கடைக்காரரிடம் எங்களுக்குத் தேநீர் கொடுக்கச் சொல்லித் தாமே காசும் கொடுத்துவிட்டார்.

பேச்சு வளர்ந்தது. அவருடைய பேத்தி பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்கும் ஒரு சைக்கிள் உண்டு. "கொட்டாயில நிக்குது கண்ணு. ஏத்தத்துல தள்ளோணும், எறக்கத்துல பயம். அதுக்கு நடந்தே போயிரலாம்னு போயிருதா" என்றார். நாள்தோறும் போக ஐந்து, வர ஐந்து கிலோமீட்டர். பேருந்தைத் தவறவிட்டால் அவளுக்கு வேறு வழியில்லை.

எங்கள் பயணம் ஒரு நாள் இன்பம். அவளுடைய பயணம் அன்றாடத் தேவை. இந்த வேறுபாட்டை அந்தக் கடை வாயிலில் உணர்ந்தேன். மலை ஏறுவது பற்றி நாங்கள் பெருமை பேசிக்கொண்டிருக்க, மலையிலேயே பிறந்த பெண்ணின் சைக்கிள் மாட்டுக் கொட்டகையில் நிற்கிறது. ஏன்? சமவெளிக்கென்று செய்த பல்சக்கரம் அதில் இருப்பதால்.

தமிழ்நாட்டில் மிதிவண்டி செய்த புரட்சி சிறிதன்று. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். தண்ணீர் எடுக்கவும் சந்தைக்குச் செல்லவும் பிறர் துணையை எதிர்பாராத நிலையைப் பெற்றார்கள். பின்னர் அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்பு மாணவ மாணவியர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்கும் திட்டம் வந்தது. எங்கள் வகுப்பில் பலர் கல்லூரி வாயிலை மிதித்ததே அந்த வண்டியின் துணையால்தான். புதுக்கோட்டையின் சமவெளியில் பெண்களுக்குக் கிடைத்த அந்தச் சிறகு, கொல்லிமலையிலும் கல்வராயன் மலையிலும் நீலகிரியிலும் வாழும் பெண்களுக்கும் கிடைக்கவேண்டும் என்பதே என் கோரிக்கை.

மறுப்பும் விடையும்

கியர் வண்டி விலை மிகுந்தது, மலையூரில் பழுதுபார்க்க ஆள் கிடைக்காது என்று சிலர் கூறலாம். இந்த மறுப்பில் ஓரளவு உண்மை இருக்கிறது. இருபத்தொரு கியர் வைத்த பளபளப்பான வண்டியை நான் கேட்கவில்லை. கம்பி அறுந்தால் அது பயனற்று நிற்கும் என்பது எனக்கும் தெரியும். நான் சொல்லும் வழி மிக எளியது. முன் பல்சக்கரத்தை 32 பற்களாகச் சிறிதாக்கி, பின்னதை 22 பற்களாகப் பெரிதாக்கினால் போதும். ஒற்றைக் கியர்தான், புதிய கருவி எதுவும் இல்லை, எந்தப் பஞ்சர் கடைக்காரரும் கழற்றிப் பூட்டலாம். ஒரு சுற்றுக்கு வண்டி 3.2 மீட்டர் ஓடும். முன்பு சொன்ன அதே ஏற்றத்தில் 28 கிலோ விசை 17 கிலோவாகக் குறையும். சமவெளியில் அந்த வண்டி மெதுவாகச் செல்லும் என்பது உண்மைதான். ஆனால் மலையூரில் சமவெளி எங்கே இருக்கிறது?

இறக்கத்திற்கு அஞ்சுகிறார்களே என்பது இரண்டாவது மறுப்பு. இது முதல் மறுப்பைவிட வலுவானது. ஏறும்போது நாம் சேர்த்த 784 கிலோஜூல் ஆற்றல் முழுவதும் இறங்கும்போது காற்றிலும் பிரேக் கட்டையிலும் வெப்பமாகக் கழிந்தாகவேண்டும். தொடர்ந்து பிரேக்கை அழுத்திப் பிடித்தால் சக்கரத்தின் விளிம்பு சூடேறும்; அளவு மீறினால் ட்யூப் வெடிக்கும். மழையில் நனைந்த இரும்பு விளிம்பில் பிரேக் கட்டை சரியாகப் பிடிக்காது. கொல்லிமலையில் இறங்கும்போது நாங்கள் பத்து வளைவுக்கு ஒருமுறை நின்று, விளிம்பைத் தொட்டுப் பார்த்து, சூடு தணிந்தபின்பே புறப்பட்டோம். வளைவுக்குள் நுழைந்தபின் பிரேக் பிடிப்பதைத் தவிர்த்து, நுழையுமுன்பே வேகத்தைக் குறைத்தோம். கீழிருந்து ஏறிவரும் வண்டிக்கே மலைச்சாலையில் முதல் உரிமை. பேருந்தின் ஒலி கேட்டவுடன் ஓரம் கட்டி நின்றோம். இவையெல்லாம் பெரிய வித்தைகள் அல்ல. ஒரு நாளில் கற்பிக்கக் கூடியவை. வண்டியைக் கொடுக்கும்போதே, இறங்கும் முறையையும் பிரேக் கட்டை மாற்றும் முறையையும் கற்பித்தால் அச்சம் பாதியாகக் குறையும். நல்ல அலுமினிய விளிம்பு வைத்தால் மீதியும் குறையும்.

மோட்டார் சைக்கிள் வந்துவிட்டதே, இனி எதற்கு மிதிவண்டி என்பது மூன்றாவது மறுப்பு. மோட்டார் சைக்கிளுக்கு விலை வேண்டும், எரிபொருள் வேண்டும், உரிமம் வேண்டும். பதினாறு வயதுப் பெண்ணுக்கு இவற்றுள் எது கையில் இருக்கிறது? வீட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தாலும் அது முதலில் அண்ணனுக்குத்தான் போகும் என்பதை நாம் அனைவரும் அறிவோம்.

நாம் செய்யவேண்டியது

அரசு செய்யட்டும் என்று சொல்லிவிட்டுக் கைகட்டி நிற்பது மாணவர்க்கு அழகன்று. நம் கல்லூரியிலேயே தொடங்கலாம். இயற்பியல் துறையும் உடற்கல்வித் துறையும் சேர்ந்து, பழைய வண்டிகள் சிலவற்றில் பல்சக்கரங்களை மாற்றிப் பூட்டி, ஏற்றமான சாலையில் அளந்து பார்க்கலாம். நாட்டு நலப்பணித் திட்ட முகாமை ஒரு முறையேனும் மலையூரில் நடத்தி, கொட்டகைகளில் உறங்கும் வண்டிகளை வெளியே எடுத்துப் பழுதுபார்த்துக் கொடுக்கலாம். மிதிவண்டி ஓட்டத் தெரிந்த மாணவியர் அங்குள்ள பெண்களுக்கு இறக்கத்தில் வண்டியை அடக்கும் முறையைக் கற்பிக்கலாம். இவற்றிற்குப் பெருஞ்செலவு ஆகாது. மனம் இருந்தால் போதும்.

மலையில் மிதிவண்டி ஓட்டுவது பணம் படைத்தோரின் பொழுதுபோக்காகவும், பணமற்றோரின் துன்பமாகவும் இருப்பது சரியன்று. இரண்டிற்கும் இடையே இருப்பது சில பற்களின் வேறுபாடே. ஐரோப்பாவில் அந்த வேறுபாட்டை ஒப்புக்கொள்ள வீம்புக்காரர்களுக்கு 1902 முதல் 1937 வரை முப்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. நமக்கு அவ்வளவு காலம் வேண்டியதில்லை; கணக்கு நம் கையிலேயே இருக்கிறது. அடுத்த ஆண்டு மலர் வெளிவருவதற்குள், மாற்றிப் பூட்டிய ஒரு வண்டியாவது ஒரு மலையூர் மாணவியைப் பள்ளி வாயிலில் கொண்டு சேர்த்தது என்ற செய்தியை அதில் எழுதும் வாய்ப்பு நம்முள் ஒருவருக்குக் கிட்டவேண்டும். அதற்கு ஆர்வமுள்ள நண்பர்கள் இயற்பியல் ஆய்வகத்தின் வாயிலில் மாலை வேளைகளில் என்னைச் சந்திக்கலாம். ஸ்பேனர் என்னிடம் இருக்கிறது.